வீட்டு வரியும் வெட்டியும்

1968-க்குப் பிறகு காரைக்காலில் நகராட்சித் தேர்தல் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. அது 2006-இல், நீதிமன்றம் தலையிட்ட பிறகு. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. பிறகு 2021 செப்டம்பரில் மறுபடி தேதி அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சுழற்சியில் குளறுபடி என்று வழக்கு, அறிவிப்பு வாபஸ், புதுத் தேதி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு எங்கே என்று மறுபடியும் எதிர்ப்பு, வழக்கு. அத்தோடு நின்றது. இந்தக் கட்டுரையை எழுதும்வரை மன்றம் இல்லை. நகராட்சியையும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் என்ற ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். வீட்டு வரி மட்டும் ஆண்டு தவறாமல் கேட்கப்படுகிறது.

என் முதுகலை வகுப்பில் இருக்கும் காரைக்கால் பெண்களில் ஒருத்திகூட உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டதில்லை. அவர்களுடைய அம்மாக்கள் போட்டதும் ஒரே ஒரு முறைதான். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. அங்கிருந்து வரும் மாணவிகள் 2022 பிப்ரவரியில் வார்டு தேர்தலுக்கு விரலில் மை வைத்துக்கொண்ட கதையைச் சொன்னால், இவர்கள் வேற்று நாட்டுச் செய்தி போலக் கேட்பார்கள். அதனால் ஒருநாள், தேர்தல் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள் என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன்: ஊர் வளர்கிறது, வீட்டு வரியை உயர்த்தலாமா? பத்து நிமிடத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஒருத்தி எழுந்து, "மேடம், வீடே இல்லாதவங்க வரியைக் கூட்டு, குறைன்னு சொல்றது எப்படி நியாயம்? கட்டுறவங்கதானே முடிவு பண்ணணும்?" என்றாள். வகுப்பில் பலர் தலையாட்டினார்கள். கேட்டவளே வாடகை வீட்டில் இருப்பவள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. தன்னையே வெளியே நிறுத்தும் ஒரு நியாயத்தை அவள் எங்கிருந்து கற்றாள்?

அந்த நியாயத்துக்கு வயது ஆயிரத்துக்கு மேல். நாம் பெருமையாகப் பாடம் நடத்தும் உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டது. குடவோலை முறைக்குச் சான்று என்று எல்லாப் பாடநூலிலும் உண்டு. குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்பதைப் பற்றி வகுப்பில் நாம் வேகமாகக் கடந்துவிடுவோம். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. நிலம், மனை, கல்வி மூன்றையும் கேட்டாலே பெண்ணும் உழுகுடியும் சேரிக்காரரும் தாமாகவே உதிர்ந்துவிடுவார்கள்.

ஆயிரம் ஆண்டு கழித்து 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. பெரிய வெற்றிதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆண்களுக்கு இருந்த அதே சொத்துத் தகுதி பெண்களுக்கும். சொத்துள்ள பெண்கள் எத்தனை பேர்? 1935 சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது: தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் வாக்கு. வரிச் சீட்டு கணவன் பெயரில் இருந்தால், அவன் இருக்கும்வரை அவளும் குடிமகள். 1950-இல்தான் அரசியல் சாசனம் இந்தக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டியது. சட்டத்தில் வெட்டுப்பட்டது மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வரி செலுத்துவோர் பணம்" என்று தொலைக்காட்சியில் யாராவது குரல் உயர்த்தும்போதெல்லாம் உத்திரமேரூர்க் குடம் என் காதில் குலுங்குகிறது.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லச் சுலபமான பதில் ஒன்று உண்டு. வாடகைக்கு இருப்பவர்களும் வரி கட்டத்தான் செய்கிறார்கள். வரி ஏறினால் வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றிவிடுவார், சீட்டில் பெயர் இல்லாவிட்டாலும் பணம் உன் அம்மாவுடையது. இது உண்மைதான். ஆனால் இதோடு நிறுத்தினால், பணம் கட்டினால்தான் பேசலாம் என்பதை நாமும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அரசலாற்றங்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடிசை போட்டிருப்பவள் நேராகவோ சுற்றியோ வீட்டு வரி கட்டுவதில்லை. அவளுக்கு ஊர் வளர்ச்சியைப் பற்றிப் பேச உரிமை இல்லையா? மேட்டில் புது மனைப்பிரிவு போட்டு வாய்க்காலைத் தூர்த்தால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் போய் நிற்பது அவள் வாசலில்தான்.

இந்த இடத்தில் பழைய வரிச் சொற்கள் எனக்கு உதவின. சோழர் கல்வெட்டுகளில் வரிக்கு எத்தனையோ பெயர்கள். இறை என்றால் வரி, மனைக்கு விதித்தால் மனை இறை, வரி நீக்கிய நிலம் இறையிலி. கடமை என்பது ஒரு வரி. குடிமை என்பதும் ஒரு வரி. இன்று கடமை ஒழுக்கப் பாடத்துக்குப் போய்விட்டது, குடிமை 'குடிமைப் பணி' என்று அரசு வேலைக்குப் போய்விட்டது. குடியிருப்பவர் குடி, குடி என்ற நிலையில் அவர் மேல் விழுவது குடிமை. இந்தச் சொல்லில் வீட்டுப் பத்திரம் இல்லை, குடியிருப்பு இருக்கிறது. (பழைய வரிகள் கருணையானவை என்று சொல்ல வரவில்லை. சொல்லின் வேரைத்தான் சொல்கிறேன்.)

இன்னொரு பெயர் வெட்டி. கூலி இல்லாமல் செய்து தர வேண்டிய வேலை. நெல்லாகவோ காசாகவோ கட்டாமல் உடம்பாகக் கட்டும் வரி. அமஞ்சி என்பதும் இதே வகை. ஏரி தூர்வார, கரை அடைக்க, சுமை தூக்க என்று ஊர் வாங்கிக்கொண்ட உழைப்பு. பிரமதேயங்களுக்கும் கோயில் நிலங்களுக்கும் பல நேரம் விலக்கு உண்டு. யாருக்கு விலக்கு இல்லை என்பதை வெட்டியான் என்ற சொல்லே சொல்லும். ஊருக்காகச் செய்யும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, கூலி தராமல் விட்டு, பிறகு அந்த வேலையாலேயே அவரை இழிவுபடுத்திய கதை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இன்றைய பேச்சில் வெட்டி என்றால் சும்மா. "வெட்டியா இருக்கா" என்று வீட்டில் இருக்கும் பெண்ணைச் சொல்கிறோம். வரிப் பெயர் ஒன்று, வேலையே இல்லை என்ற பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காரைக்கால் பெண்கள் கட்டும் வரி வெட்டி என்பது என் கட்சி.

2022 ஜூலையை நினைத்துப் பாருங்கள். ஊரில் வாந்திபேதி ஆயிரம் பேரைத் தாண்டியது. சிலருக்குக் காலரா உறுதியானது. ஜூலை 3 அன்று நிர்வாகம் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. காய்ச்சிய நீரைக் குடியுங்கள் என்று உத்தரவு. குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. இருபத்தோராம் நூற்றாண்டில், துறைமுகமும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் ஜிப்மர் கிளையும் இருக்கும் ஓர் ஊரில் காலரா. அந்த வாரம் நகராட்சி செய்ய வேண்டிய வேலை ஒன்று வீடுகளுக்குள் இறங்கியது. காய்ச்சுங்கள் என்ற உத்தரவுக்கு எழுவாய் இல்லை, தமிழில் ஏவல் பன்மைக்கு அந்த வசதி உண்டு. யார் காய்ச்சினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். குடம் குடமாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, எச்சரித்து, வாந்தி துடைத்து, துணி அலசி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துக் காத்திருந்தவர்கள் யார்? எரிவாயு உருளை எந்தக் கணக்கில் தீர்ந்தது? விடுப்பு எடுத்ததால் வீட்டு வேலைக்குப் போகும் எத்தனை பெண்கள் கூலி இழந்தார்கள்?

குழாயை மாற்றப் பணம் வேண்டும். பணம் வரியாக வராவிட்டால், குழாய் செய்யாத வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். வரியைக் குறைவாக வைத்திருக்கும் ஊரில் வரிச்சுமை மறைந்துவிடுவதில்லை. அது சொத்துள்ளவரின் பையிலிருந்து நீர் சுமப்பவளின் இடுப்புக்கு இடம் மாறுகிறது. ரசீது தராத வரி அது. ஆகவே "உயர்த்தலாமா, வேண்டாமா" என்று நான் கொடுத்த தலைப்பில், காசாகவா உழைப்பாகவா, யாரிடமிருந்து என்ற கேள்வி உள்ளே மறைந்து கிடந்தது.

காசாக என்றால் யாருடைய காசு? ஊர் வளரும்போது நிலத்தின் விலை ஏறுகிறது. 2009-இல் வாஞ்சூரில் துறைமுகம் தொடங்கியது, சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் குவியும் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகுகிறது, விடுதிகள் எழும்புகின்றன, கடைமடை வயல்களில் கல் நட்டு மனை போடுகிறார்கள். பைபாஸ் ஓரம் நிலம் வைத்திருப்பவர் இதற்காக ஒரு கூடை மண்ணும் சுமக்கவில்லை. ஊரே சேர்ந்து ஏற்றிய விலை அவர் பத்திரத்தில் போய் உட்காருகிறது. அமெரிக்காவில் ஹென்றி ஜார்ஜ் 1879-இல் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான்: அப்படி ஏறிய நில மதிப்பு ஊருக்குச் சேர வேண்டியது, அதை வரியாக வாங்கு.

இந்தக் கருத்தை எளிய மக்களுக்குப் புரியவைக்க எலிசபெத் மேகி என்ற பெண் ஓர் அட்டை விளையாட்டைக் கண்டுபிடித்து 1904-இல் காப்புரிமை பெற்றார். நிலக்கிழார் விளையாட்டு என்று பெயர். அதற்கு இரண்டு விதமான விதிகள் வைத்தார். ஒன்றில் நிலம் வளைத்தவர் மற்றவர்களைக் கடனாளியாக்கி ஜெயிப்பார், இன்னொன்றில் செல்வம் பெருகப் பெருக எல்லோருக்கும் பங்கு. முதல் விதி மட்டும் மோனோபோலி என்ற பெயரில் 1935-இல் கடைக்கு வந்தது, ஓர் ஆணின் கண்டுபிடிப்பாக. மேகியின் காப்புரிமையை நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. நம் வீடுகளில் பிசினஸ், டிரேட் என்று கோடை விடுமுறையில் விளையாடியது அதன் நகல்கள்தாம். மும்பையை வாங்கி ஹோட்டல் கட்டி வாடகை வசூலித்த அந்த விளையாட்டில் சாக்கடை கட்டம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எதிர்வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது என் தெருவிலேயே குடியிருக்கிறது. பழைய நாட்டு ஓட்டு வீடு, கூடம், முற்றம், உள்ளே தனியாக ஒரு மூதாட்டி. மனையின் மதிப்பு கோடியைத் தொடும், கையில் வருமானம் முதியோர் உதவித்தொகை. மதிப்பின் மேல் வரி போட்டால் அவள் வீட்டை விற்க வேண்டிவரும், வாங்குபவர் அங்கே வணிக வளாகம் கட்டுவார். சொத்து வரியை எதிர்க்கும் பெரிய மனிதர்கள் இந்த மூதாட்டியைத்தான் எப்போதும் முன்னால் நிறுத்துகிறார்கள், தாங்கள் அவளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறார்கள். அவளுக்கு வழி இருக்கிறது. குடியிருக்கும் சிறு வீட்டுக்குக் குறைந்த விகிதம் வைக்கலாம். வருமானம் இல்லாத முதியவருக்கு வரியைத் தள்ளிவைத்து, வீடு கைமாறும்போது வாங்கிக்கொள்ளலாம். அவளைக் காப்பாற்றுவது கடினமான காரியமல்ல, ஆனால் அவளைக் காப்பாற்றிவிட்டால் மற்றவர்களுக்கு மறைவிடம் போய்விடும்.

வீடு யாருடையது என்ற கேள்வியும் காரைக்காலில் நேரான கேள்வி அல்ல. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் வாரி இறைக்கும் இந்த ஊரின் முதல் கதையே ஒரு வீட்டின் கதை. புனிதவதி ஒரே மகள். மணமகன் நாகப்பட்டினத்து வணிகக் குடும்பம். மகளை அனுப்ப மனமில்லாத தனதத்தன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு அமைத்துக் கொடுத்தான் என்கிறது பெரியபுராணம். தந்தை தந்த வீடு, பரமதத்தன் வந்து குடியேறியவன். மாங்கனிக்குப் பிறகு கப்பலேறிப் போனவன் அவன், பாண்டிநாட்டில் இன்னொரு குடும்பம் வைத்தவனும் அவன். ஆனால் கணக்குக் கேட்டதும் கொடுத்ததும் அந்தக் கூடத்தில் அவளிடம்தான். அவள் உடம்பையே உதறிவிட்டுப் போன பிறகு அந்த வீடு என்ன ஆயிற்று என்று சேக்கிழார் சொல்லவில்லை. பாடம் நடத்தும் எனக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சந்தேகம் வருகிறது.

இன்றும் பரமதத்தர்கள் கப்பலுக்குப் பதில் விமானம் ஏறுகிறார்கள்: பாரீஸ், துபாய், சிங்கப்பூர். வீட்டுப் பத்திரம் அவர் பெயரில். வரி கட்ட வரிசையில் நிற்பதும், குழாய் உடைந்தால் சொல்லி அலைவதும், மோட்டார் ரிப்பேருக்கு ஆள் தேடுவதும் அவள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் இரண்டு லட்சத்துச் சொச்சம் மக்களில் பெண்களே அதிகம். பிரெஞ்சுக் காலச் சட்டம் இதில் இன்னொரு சிக்கு. 1881 ஆணைப்படி சொந்தச் சாதி சமய வழக்கைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அதே தெருவின் அடுத்த வீட்டில் இந்து வழக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே 1963-இல்தான் வந்தது.

பெண் பெயரில் வீடு இருந்தால் தீர்ந்ததா? தில்லி மாநகராட்சி பெண் உரிமையாளருக்குச் சொத்து வரியில் 30 விழுக்காடு தள்ளுபடி தருகிறது. நல்லதுதான், பத்திரத்தில் பெயராவது ஏறுகிறது. பக்கத்து நாகப்பட்டினத்தில் சுனாமிக் குடியிருப்புகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுத்தது இதைவிட நல்லது. ஆனால் தள்ளுபடிக்காகப் பெயர் மாற்றிய வீட்டை அடகு வைக்கும்போது அவளைக் கேட்கிறார்களா, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா என்பதை அந்த வீட்டுப் பெண்தான் சொல்ல வேண்டும். ஒதுக்கீட்டு வார்டில் மனைவியை நிறுத்திவிட்டு மன்றத்துக்குத் தான் போகும் 'கவுன்சிலர் புருஷனை' நமக்குத் தெரியும். வீட்டுக்கும் அப்படி ஒரு புருஷன் உண்டு.

தேர்தல் நடந்தால் மட்டும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்று நம்பும் அளவுக்கு எனக்குக் கள்ளமின்மை இல்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். 2018 ஜூலையில் சொத்து வரி உயர்ந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது, அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புறத் தேர்தல். வாக்கு எண்ணி ஆறு வாரம் முடிவதற்குள், ஏப்ரல் தொடக்கத்தில், புதிய உயர்வு வந்தது: குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, அதற்கு மேல் படிப்படியாக ஏறி 1,800 சதுர அடிக்கு மேல் 100 விழுக்காடு. சென்னையின் பழைய பகுதிகளில் 50-இல் தொடங்கி 150 வரை. இரண்டு கட்சிகள், ஒரே நாட்காட்டி.

2022-இன் அந்தப் படிநிலை எனக்கு நியாயமாகவே படுகிறது. சிறு வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். அப்படியிருக்க அதை ஏன் பிப்ரவரியில் மேடையில் சொல்லவில்லை? வீடு வீடாக வந்து சேலை முந்தானையைப் பிடித்து வாக்குக் கேட்டபோது, ஜெயித்தால் உயர்த்துவோம், இந்தந்தக் குழாய்க்காக உயர்த்துவோம் என்று சொல்லியிருந்தால் தோற்றிருப்பார்களா? தோற்றிருக்கலாம். தோற்கும் வாய்ப்பு இருப்பதால்தான் அது விவாதம். வாக்கு வாங்கும்வரை மறைத்த வரி, சதவீதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கப்பத்தின் வாடையை விடாது. இதில் எனக்கு அதிகம் உறுத்தியது வேறொன்று. பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீட்டில், 21 மாநகராட்சிகளில் 11 மேயர்கள் பெண்கள் என்று கொண்டாடிய தேர்தல் அது. நாற்காலியில் உட்கார்ந்து சூடு ஏறுவதற்குள் அந்தப் பெண்கள் முன் வைக்கப்பட்ட முதல் தீர்மானங்களில் ஒன்று, கோட்டையில் முடிவான வரி உயர்வு. முடிவு அவர்களுடையதல்ல, வார்டில் வசவு அவர்களுக்கு. அதிகாரமில்லாத பொறுப்பு என்பது பெண்களுக்குப் பழகிய வேலைதானே.

காரைக்காலுக்கு இன்னொரு தனிக் கணக்கும் உண்டு. சொத்து வரி பேச யாரும் துணியாத ஒன்றியப் பிரதேசத்தில் அரசு எதை நம்பி ஓடுகிறது? புதுச்சேரி அரசின் சொந்த வருவாயில் கலால் ஒரு பெரும் தூண். சாராயக் கடைகளை இங்கே அரசு முறைப்படி ஏலம் விடுகிறது. எல்லையோரக் கடைகளில் சாயங்காலம் நிற்கும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். கலால் நகராட்சியின் வரி அல்ல, அரசின் வரி என்பது தெரியும். ஆனால் மன்றம் இல்லாத நகராட்சி அரசின் கையை எதிர்பார்த்தே நிற்கிறது, அந்தக் கை எங்கிருந்து நனைகிறது என்பதும் தெரியும். மாடி வீட்டின் மேல் போடத் தயங்கிய வரியைக் குடிப்பவன் கூலியிலிருந்து வசூலிக்கிறோம். அவன் வீட்டில் அரிசிக்கு விடப்பட்டிருந்த பணம் அது. சாதியாலும் பாலாலும் ஒரே நேரத்தில் வெட்டி கட்டும் தலித் பெண், ஒப்பந்தக் கூலிக்கு விடியலில் தெருக் கூட்டிவிட்டு, இரவில் அந்தக் கலால் வரியின் மிச்சத்தையும் அடியாக வாங்குகிறாள். வீட்டு வரியைப் பற்றிப் பேசும் மேடையில் அவள் ஏறிப் பேசினால் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு ஆசை.

அந்த மேடைதான் இல்லை. புதுச்சேரி சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 30. 2021-இல் அதில் ஜெயித்த பெண் ஒரே ஒருவர், நம் நெடுங்காடு தனித்தொகுதியின் சந்திர பிரியங்கா. அமைச்சரும் ஆனார். நாற்பது ஆண்டுகளில் இந்தப் பிரதேசத்துக்கு வாய்த்த முதல் பெண் அமைச்சர். 2023 அக்டோபரில், சாதி ரீதியாகவும் பாலின ரீதியாகவும் தாக்குதலுக்கு ஆளானதாக எழுதிவைத்துவிட்டு விலகினார். சட்டமன்றத்துக்குச் சட்டப்படி பெண் ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. உள்ளாட்சிக்கு 74-ஆம் திருத்தம் 1993-லேயே மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிட்டது. அதாவது, இங்கே பெண்கள் கூட்டமாக உள்ளே போகக்கூடிய கதவு ஒன்றே ஒன்று, அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள். சுழற்சிப் பட்டியல் சரியில்லை என்று வழக்குப் போட்டதும், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு இல்லாமல் தேர்தல் கூடாது என்றதும் நியாயமான கோரிக்கைகள். நியாயமான கோரிக்கைகளை ஒரு மாதத்தில் சரிசெய்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் சரிசெய்யாமல் இருப்பது யாருக்கு வசதி என்பதை யோசிக்கப் பெரிய அறிவு வேண்டாம். மன்றம் இல்லாவிட்டால் கட்டட அனுமதிக்கு ஓர் அறைக்கதவைத் தட்டினால் போதும்.

இத்தனைக்கும் உள்ளாட்சி உறுப்பினர் பதவிக்கு இந்த மண்ணில் இருந்த கனம் வேறெங்கும் இருந்ததில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேர்வதா என்று வாக்களித்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் கவுன்சிலர்களும்தான். 178 பேர். 170 பேர் சேரலாம் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். காரைக்கால் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பதவி அது. அந்த முடிவுக்குப் பிறகு எழுபது ஆண்டு. இன்று எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குப் போகிறோம். அவர் இல்லாவிட்டால் உதவியாளர் பெயர், தெரு, கைபேசி எண் எழுதிக்கொள்கிறார். வரி ரசீது கையில் இருக்கிறதா என்று அவர் இதுவரை கேட்டதில்லை. எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறார்.